எழுதப்படாத புகார்களின் கணக்கு

1984-ஆம் ஆண்டு சிகாகோ நகரத்து மக்கள் 1,575 பேரிடம் தொலைபேசி வழியாக ஓர் ஆய்வு நடந்தது. மனிதர்கள் ஏன் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார்கள் என்று அறிய விரும்பிய டாம் டைலர் என்ற உளவியலாளரின் ஆய்வு அது. 1990-இல் புத்தகமாக வந்த அதன் முடிவு காவல்துறை பற்றிய சிந்தனையையே மாற்றியது. தண்டனைக்குப் பயந்து கட்டுப்படுவதைவிட, அதிகாரம் தம்மிடம் நியாயமாக நடந்துகொள்கிறது என்ற நம்பிக்கையில் கட்டுப்படுவதே மிகுதி என்றார் டைலர். தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலை, மரியாதை, நல்லெண்ணம் ஆகிய நான்கும் சேர்ந்த நடைமுறை நியாயம் இருந்தால், அபராதம் கட்டியவர்கூட அந்த அதிகாரத்தை ஏற்றுக்கொள்வார் என்பது இந்த வழியில் வந்த ஆய்வுகளின் சாரம். அதே 1984-இல், மார்ச் 18 அன்று, கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் துறைமுகப் பகுதித் துணை ஆணையர் வினோத் மேத்தாவும் அவருடைய மெய்க்காவலர் மொக்தார் அலியும் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார்கள். மதக் கலவரத்தை அடக்கப் போன அதிகாரி, உடன் வந்த படையிலிருந்து பிரிந்து சந்துகளுக்குள் சிக்கிக்கொண்டார். பிறகு முக்கியக் குற்றவாளி என்று பிடிக்கப்பட்டவர் லால்பஜார் காவல் தலைமையகத்தில் காவலில் இருக்கும்போதே இறந்துபோனார். சிகாகோவில் பிறந்த கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு கார்டன் ரீச்சுக்குப் போனால் அது எதைப் பிடிக்கும், எதைத் தவறவிடும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. அது தவறவிடுவதுதான் பெரிது என்பது என் கருத்து. காவல்துறை செய்வதை அளக்க நமக்குக் கருவிகள் வந்துவிட்டன. செய்யாமல் விடுவதை அளக்க இன்னும் வரவில்லை. நம் ஊர்களில் காவல்துறையின் நியாயம் பெரும்பாலும் இந்தச் செய்யாமல் விடுவதில்தான் தீர்மானமாகிறது.

ஹூக்ளி ஆற்றின் கரையில், கொல்கத்தாவின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது கார்டன் ரீச். அரசை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856-இல் வந்து தங்கியது இதை ஒட்டிய மெட்டியாபுரூஜில். 1887-இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். அவரோடு வந்தவர்களின் வழித்தோன்றல்களும், துறைமுக வேலைக்கு பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்களும், வங்காளி முஸ்லிம் தையற்காரர்களும் நெருக்கியடித்து வாழும் பகுதி இது. இந்திய மத்திய அரசின் கப்பல் கட்டும் தளமும், தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் இங்கேதான் உள்ளன. கரக்பூர், கார்டன் ரீச் என்று வேலைக்குப் போன தென்னிந்தியக் குடும்பங்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. இவ்வளவு பெரிய அரசு நிறுவனங்களுக்குப் பக்கத்திலேயே, பத்தடிச் சந்துகளில், அரசு என்றால் போலீஸ் ஸ்டேஷன் மட்டும்தான் என்ற நிலையில் மக்கள் வாழ்கிறார்கள். முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்து 2006-இல் அறிக்கை தந்த சச்சார் குழு நாடு முழுதும் கேட்டறிந்த குறைகளில் இதுவும் ஒன்று: முஸ்லிம் பகுதிகளில் பள்ளியையும் மருத்துவமனையையும் வங்கியையும்விடக் காவல் நிலையங்களைத்தான் அதிகம் காண முடிகிறது என்று அந்தக் குழுவிடம் சொன்னார்கள்.

டைலருக்குப் பிந்தைய ஆய்வுகள் நம்பிக்கையோடுதான் தொடங்கின. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் லொரேன் மஸரோல் குழுவினர் குடிபோதைச் சோதனைச் சாவடிகளில் ஒரு பரிசோதனை நடத்தினர். பாதிச் சாவடிகளில் வழக்கமான சோதனை. மீதிப் பாதியில் காவலர்கள் காரணத்தை விளக்கி, கருத்துக் கேட்டு, நன்றி சொல்லி அனுப்பினார்கள். சில நிமிடப் பேச்சே ஓட்டுநர்களின் மதிப்பீட்டை உயர்த்தியது. அதையே ஸ்காட்லாந்தில் செய்துபார்த்தபோது பலன் இல்லை. சில அளவுகளில் நிலைமை கீழேகூடப் போனது. ஏன் என்று தோண்டிய சாரா மக்குவீனும் பென் பிராட்ஃபோர்டும் கண்டது முக்கியமானது. மக்களிடம் நியாயமாக நடக்கச் சொல்லப்பட்ட காவலர்கள், தங்கள் மேலிடம் தங்களிடம் நியாயமாக நடக்கவில்லை என்று நினைத்தார்கள். கானாவில் ஜஸ்டிஸ் டங்கபே 2009-இல் வெளியிட்ட ஆய்வோ, அங்கே மக்கள் காவல்துறைக்கு ஒத்துழைப்பதில் நடைமுறை நியாயத்தைவிடக் காவல்துறை வேலையை முடிக்கிறதா என்பதே முன்னால் நிற்கிறது என்றது. 2021-இல் பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா என ஆறு நாடுகளில் ஒரே நேரத்தில் நடந்த களப் பரிசோதனையின் முடிவு வந்தது: மக்களோடு நெருங்கிப் பழகும் காவல்முறை நம்பிக்கையையும் கூட்டவில்லை, குற்றத்தையும் குறைக்கவில்லை. மரியாதை வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. மரியாதையைத் தனியே பிரித்தெடுத்துப் புகட்டினால் அது வேர்பிடிப்பதில்லை என்பதே பொருள்.

ஏன் வேர்பிடிப்பதில்லை? நம்மிடமே உள்ள ஒரு பழைய ஆவணம் இதற்கு வழிகாட்டுகிறது. சென்னை மாகாணத்தில் வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் நடந்த சித்திரவதைகளைப் பற்றி ஆராய கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி அமைத்த விசாரணைக்குழு 1855-இல் அறிக்கை தந்தது. இந்தியாவில் காவல் அதிகாரம் பற்றி நடந்த முதல் பெரிய ஆய்வு என்று இதைச் சொல்லலாம். அடிப்பதும், வெயிலில் நிறுத்துவதும், விரலை நசுக்குவதும் அதில் பக்கம் பக்கமாக வருகின்றன. ஆனால் குழுவினரை அதிகம் உலுக்கியது, பாதிக்கப்பட்டவர் போய்ச் சொல்லி நிவாரணம் பெற ஓர் இடம் இல்லை என்பதுதான். தூரம், செலவு, பயம், கீழ் அதிகாரியின் தயவில்லாமல் மேல் அதிகாரியை அடைய முடியாத நிலை ஆகியவை சேர்ந்துதான் அடியைச் சாத்தியமாக்கின. அடுத்த சில ஆண்டுகளில், 1859-இல் சென்னைக்கும் 1861-இல் மற்ற பகுதிகளுக்கும் காவல் சட்டங்கள் வந்தன. வருவாய்த்துறையிலிருந்து காவல் பணி பிரிக்கப்பட்டது, சீருடை வந்தது, படிநிலை வந்தது. யாரிடம் போய்ச் சொல்வது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது, ஏனென்றால் அந்தச் சட்டங்கள் காவல்துறையை ஆட்சியாளருக்குப் பதில் சொல்லவைத்தன, மக்களுக்குப் பதில் சொல்லவைக்கவில்லை. இந்தக் கண்ணோட்டத்தோடு கார்டன் ரீச்சுக்குத் திரும்பினால் 2013-இல் நடந்தது புரியும்.

அந்த ஆண்டு பிப்ரவரி 12 அன்று ஹரிமோகன் கோஷ் கல்லூரியில் மாணவர் சங்கத் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்கும் நாள். கல்லூரி வாசலில் இரு கட்சியினர் மோதிக்கொண்டார்கள், வெடிகுண்டுகள் வீசப்பட்டன. பணியிலிருந்த கொல்கத்தா காவல்துறைத் தனிப்பிரிவு உதவி ஆய்வாளர் தாபஸ் சௌத்ரி மிக அருகிலிருந்து சுடப்பட்டு இறந்தார். தொலைக்காட்சிக் கேமராக்கள் அங்கேயே இருந்தன, நாடே பார்த்தது. ஆளுங்கட்சியைச் சேர்ந்த மாநகராட்சி மண்டலத் (பரோ) தலைவர் ஒருவர் மீது சந்தேகம் விழுந்தது. இரண்டு நாளில் நகரக் காவல் ஆணையர் ரஞ்சித் குமார் பச்நந்தா பதவியிலிருந்து மாற்றப்பட்டார். விசாரணை மாநில சி.ஐ.டி.யிடம் போனது. அந்தத் தலைவர் அடுத்த மாதம்தான் பீகாரில் பிடிபட்டார். சந்தேகத்துக்கும் மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். துறைமுகப் பிரிவின் ஏதோ ஒரு காவல் நிலையத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த துணை ஆய்வாளர் அந்த வாரம் என்ன கற்றுக்கொண்டிருப்பார்? சக ஊழியர் ஒருவர் கேமரா முன்னிலையில் கொல்லப்பட்ட வழக்கிலேயே ஆணையர் நாற்காலி இரண்டு நாள் நிலைக்கவில்லை என்றால், சந்தில் நடந்த ஓர் அடிதடியில் உள்ளூர்த் தாதாவின் பெயரை எழுதத் துணிவாரா? இந்தக் கேள்வியைக் கேட்காமல், அதே துணை ஆய்வாளர் புகார்தாரரிடம் மரியாதையாகப் பேசினாரா என்று மட்டும் அளப்பது முழுமையான ஆய்வாகாது.

பணியிட மாற்றத்தைப் பற்றி நல்ல சான்று நம் நாட்டிலேயே உண்டு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் ராஜஸ்தான் காவல்துறையோடு சேர்ந்து 11 மாவட்டங்களின் 162 காவல் நிலையங்களில் பல சீர்திருத்தங்களைச் சோதித்தார்கள். சுழற்சி முறையில் பணியும் வார விடுப்பும், ஊர்ப் பார்வையாளர்களை ஸ்டேஷனில் உட்காரவைப்பது, பயிற்சி, காரணமில்லாத இடமாற்றங்களை நிறுத்துவது என்பவை அவை. ஸ்டேஷன் பொறுப்பாளரின் விருப்பத்தை நம்பியிருந்தவை தேய்ந்து போயின. பயிற்சியும் இடமாற்றத் தடையும்தான் குற்றத்துக்கு ஆளானவர்களின் திருப்தியை உயர்த்தின. காவலர் ஒருவருக்கு நாற்காலி உறுதியானால், எதிரே நிற்கும் மனிதனுக்கு நியாயம் சற்றே எளிதாகிறது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் தந்த ஏழு கட்டளைகளில், நிலையப் பொறுப்பாளர் வரைக்கும் குறைந்தது இரண்டாண்டுப் பணிக்காலம் என்பது ஒன்று. காவல்துறை மீதான புகார்களுக்குத் தனி ஆணையம் என்பது இன்னொன்று. இருபது ஆண்டுகளை நெருங்கியும் பெரும்பாலான மாநிலங்கள் இவற்றை அரைமனதோடுதான் ஏற்றிருக்கின்றன. வெவ்வேறு கட்சிகள் ஆண்ட மாநிலங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

காவலில் நடக்கும் கொடுமைக்கும் பதிவாகாத புகாருக்கும் உள்ள உறவை இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் கொடுமையைக் குறைத்துப் பேசுவதாகத் தோன்றும். கைது செய்யப்பட்டவரின் உரிமைகளைப் பதினொரு கட்டளைகளாக நாட்டுக்கே வகுத்துத் தந்த டி.கே.பாசு வழக்கு மேற்கு வங்கத்தில் பிறந்தது. அந்த மாநிலத்தின் லாக்-அப் மரணங்களைப் பற்றிய நாளிதழ்ச் செய்திகளை இணைத்து, சட்ட உதவி அமைப்பொன்றின் தலைவர் 1986 ஆகஸ்டில் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதமே வழக்காயிற்று. தீர்ப்பு 1996 டிசம்பரில் வந்தது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் சாட்சி கையெழுத்திட வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று அதன் கட்டளைகளில் பெரும்பாலானவை எழுதச் சொல்லும் கட்டளைகள். எழுதப்படாத இடத்தில்தான் அடி விழும் என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் இறந்த பிறகு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது. தடயங்களும் பதிவுகளும் அழியக்கூடாது என்ற கவலையே அதற்குக் காரணம்.

பதிவு என்பது நடைமுறையில் எப்படி இருக்கிறது? தமிழ்நாட்டில் ஸ்டேஷனுக்குப் போன எவருக்கும் தெரியும். மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அது எஃப்.ஐ.ஆர். என்ற முதல் தகவல் அறிக்கை அல்ல. அதன் பேரில் கைது கிடையாது, நீதிமன்றத்துக்குத் தகவல் போகாது. எதிர்த் தரப்பைக் கூப்பிட்டுப் பேசி முடிப்பதற்கு அது வசதி. கட்டப் பஞ்சாயத்து என்று மக்கள் சொல்வது பல நேரம் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. கொல்கத்தாவில் இதற்கு இணையானது பொது நாட்குறிப்பில் ஏற்றி ஓர் எண் தருவது. டைரி போட்டாயிற்று என்று மக்கள் திரும்பிவிடுகிறார்கள். பிடியாணையில்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என லலிதா குமாரி வழக்கில் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பர் 12 அன்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, மூன்று முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் பதினான்கு நாள் பூர்வாங்க விசாரணைக்கு இடம் கொடுத்துக் கதவைச் சற்றுத் திறந்துவிட்டிருக்கிறது. இதற்கிடையே தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், பெருநகரங்களில் லட்சம் பேருக்கு 86.5 குற்றங்களோடு கொல்கத்தாவே மிகப் பாதுகாப்பான நகரம். அது உண்மையாகவே இருக்கலாம். அந்த நகரத்து வீதிகளுக்கு நற்பெயர் உண்டு. ஆனால் பதிவான குற்றத்தை மட்டும் எண்ணும் கணக்கு, குற்றம் குறைவதற்கும் பதிவு குறைவதற்கும் வித்தியாசம் அறியாது. குறைந்த எண்ணிக்கைக்குப் பாராட்டு கிடைக்கும்வரை, எழுதாமல் விடுவதற்கு மேலிருந்தே ஊக்கம் இருக்கும்.

செய்யாமல் விடுவதால் ஆள் சாவதும் உண்டு. 2024 மார்ச் 17 நள்ளிரவை ஒட்டி, கார்டன் ரீச்சின் ஆசார் முல்லா பாகானில் கட்டுமானத்தில் இருந்த ஐந்து மாடிக் கட்டடம் பக்கத்துக் குடிசைகள் மேல் சரிந்தது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அனுமதியில்லாத கட்டடம் அது. புரமோட்டர் கைதானார், மாநகராட்சிப் பொறியாளர்களிடம் விளக்கம் கேட்கப்பட்டது. கட்டட விதியைக் காப்பது மாநகராட்சியின் பொறுப்பு, காவல்துறையை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். ஐந்து மாடி ஓர் இரவில் எழும்பாது. லாரி லாரியாக மணலும் கம்பியும் அந்தச் சந்து வழியாகத்தான் வந்திருக்கும். ரோந்துக் காவலரும் அதே வழியாகத்தான் போயிருப்பார். அப்படிப்பட்ட கட்டடத்தின் அருகில் குடியிருப்பவர், புரமோட்டருக்கும் கவுன்சிலருக்கும் ஸ்டேஷனுக்கும் உள்ள பழக்கத்தைத் தினமும் பார்க்கிறவர், புகார் கொடுக்கப் போகவே மாட்டார். அவரைப் பேட்டி எடுத்தால் போலீஸ் என்னை அவமதித்ததில்லை என்று உண்மையாகவே சொல்வார். போனால்தானே அவமதிப்பதற்கு.

இங்கே ஆய்வாளர்களிடமிருந்து ஒரு மறுப்பு வரும். நடுநிலை என்பது டைலரின் நான்கில் ஒன்றுதானே, அதிலேயே இது அடங்காதா? கோட்பாட்டில் அடங்கும், அளவையில் அடங்கவில்லை. கேள்வித்தாள் காவலரைச் சந்தித்தவரிடம்தான் சந்திப்பைப் பற்றிக் கேட்க முடியும். சந்திக்கவே போகாதவரிடம் பொதுவான நம்பிக்கையைக் கேட்கிறது. அந்தப் பதிலில் பயமும் பழக்கமும் மதமும் கட்சியும் கலந்துவிடுகின்றன. காமன் காஸ் அமைப்பும் லோக்நிதியும் 2019-இல் 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 காவலர்களிடம் நடத்திய ஆய்வு இந்த வகையில் ஒரு படி முன்னேற்றம், அது மேஜைக்குப் பின்னால் இருப்பவரிடம் கேட்டது. நாளொன்றுக்குச் சராசரியாக 14 மணி நேர வேலை என்றார்கள். முஸ்லிம்கள் ஓரளவாவது இயல்பிலேயே குற்றம் செய்யும் போக்குடையவர்கள் என்று ஏறக்குறையப் பாதிப் பேர் கருதியதும் அதில் பதிவாகியிருக்கிறது. கார்டன் ரீச் போன்ற பகுதியில் ஒரு புகார்தாரர் எந்த மனக்கணக்கின் முன்னால் போய் நிற்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் பயிற்சி தந்த மரியாதைச் சொற்களும் மனக்கணக்கும் அருகருகே வாழ முடியும்.

இன்னொரு மறுப்பு கடுமையானது. மக்களுக்கு நடைமுறை வேண்டாம், முடிவுதான் வேண்டும். ஹைதராபாத்தில் 2019 டிசம்பரில் பாலியல் வன்கொடுமைக் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைச் சுட்டுக்கொன்ற காவலர்கள் மீது பூத் தூவினார்களே என்பது அது. ஆம், தூவினார்கள். அதை விசாரித்த நீதிபதி சிர்புர்கர் ஆணையம் பிறகு அந்த என்கவுன்டர் கதையே நம்பத்தகாதது என்று சொன்னபோது அந்தக் கூட்டம் அங்கே இல்லை. மும்பை என்கவுன்டர்களை ஆராய்ந்த ஜோதி பேலூரும் இத்தகைய கொலைகளுக்குச் சமூகத்திலிருந்து கிடைக்கும் ஒப்புதலைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் வழக்கு முடியாது, சாட்சி நிற்காது, பதிவே ஆகாது என்று அனுபவத்தால் அறிந்த மக்கள் குறுக்குவழியை வாழ்த்துகிறார்கள் என்றால், நேர்வழி அடைபட்டிருப்பதற்குத்தான் அது சான்று. மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களில் நடந்த பரிசோதனையில் பெண்களுக்கான உதவி மேஜை வைத்தபோது, குறிப்பாகப் பெண் அதிகாரி பொறுப்பில் இருந்த இடங்களில், பெண்கள் தரும் புகார்கள் வழக்காவது கூடியது. அங்கே யாரும் துப்பாக்கி கேட்கவில்லை. எழுதுகிற மேஜையையும் எழுதுகிற கையையும் மாற்றினார்கள்.

நான் மிகவும் மதிக்கும் மறுப்பு 1984-இலிருந்தே வருகிறது. நெருக்கமான, பதற்றமான பகுதிகளில் காவல்துறை விலகி நிற்பது பல நேரம் விவேகம். வினோத் மேத்தா சந்துக்குள் போனதால்தான் உயிரிழந்தார், எல்லாவற்றிலும் தலையிடச் சொன்னால் கலவரம்தான் வரும் என்பார்கள் அனுபவமுள்ள அதிகாரிகள். உத்தரப் பிரதேசக் காவலர்களோடு பழகி ஆராய்ந்த பியாட்ரிஸ் ஹௌரேகி காட்டுவதும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. காவலரின் அதிகாரம் உறுதியானதல்ல, ஒவ்வொரு பேரத்திலும் அது தற்காலிகமாகக் கிடைப்பது என்கிறார் அவர். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் லத்தியைத் தாழ்த்திப் பிடிப்பதும் பேனாவை மூடிவைப்பதும் ஒன்றல்ல. கும்பலின் முன்னால் நிதானம் காட்டும் அதிகாரி, ஸ்டேஷனுக்குத் திரும்பி யார் யார் இருந்தார்கள் என்று எழுதுவதால் எந்தக் கலவரமும் மூளாது. 2013-இல் கார்டன் ரீச்சில் குறைவாக இருந்தது படைபலமல்ல. எழுதிய பிறகு மேலிடம் தாங்கி நிற்கும் என்ற உறுதி காவலருக்கும் இல்லை, அவரை நம்பி வந்த மக்களுக்கும் இல்லை.

எழுதாததை எப்படி எண்ணுவது என்பது கடைசிக் கேள்வி. ராஜஸ்தான் ஆய்வாளர்கள் பொய்யான புகார்தாரர்களை அனுப்பிப் பதிகிறார்களா என்று பார்த்தார்கள். அது ஒரு வழி; காவல்துறைத் தலைமை சம்மதித்தால்தான் நடக்கும். அவர்கள் சம்மதமில்லாமலே நடக்கும் வழியும் ஒன்று உண்டு. ஸ்டேஷன் பதிய மறுத்தால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். பழைய சட்டத்தின் 156(3), புதிய சட்டத்தின் 175(3) பிரிவு அதற்குத்தான். அப்படி ஒரு மனு வருகிறது என்றாலே ஒரு காவல் நிலையம் ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது என்று பொருள், அந்த மனுவில் நிலையத்தின் பெயரும், முதலில் போன தேதியும், எதிர்த் தரப்பு யார் என்பதும் இருக்கும். ஒரு பத்தாண்டு மனுக்களை நிலையவாரியாகப் பிரித்து, அதே நிலையங்களின் எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், எந்த ஸ்டேஷன் யாருக்கு எதிராக எழுதத் தயங்குகிறது என்ற வரைபடம் கிடைக்கும். வக்கீல் வைக்க வசதியுள்ளவர்தான் மாஜிஸ்திரேட் வரை போவார், ஆகவே ஏழைகளின் மறுப்புகள் இதில் குறைவாகவே தெரியும் என்பது இதன் குறை. சட்ட உதவி மையங்களுக்கு வரும் மனுக்களையும் சேர்த்துக்கொண்டால் அந்தக் குறை ஓரளவு தீரும். தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். எண்களையும் எஃப்.ஐ.ஆர். எண்களையும் நிலையவாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெற்றால் அதே வேலையை இன்னும் எளிதாகச் செய்யலாம். கார்டன் ரீச்சுக்கு உரிய மனுக்கள் அலிப்பூர் நீதிமன்றக் கட்டுகளில் இருக்கின்றன. சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலரும், உருது, வங்காளம் இரண்டையும் படிக்கத் தெரிந்த ஒருவரும், நீதிமன்ற அனுமதியும் இருந்தால் ஓராண்டில் முடிக்கக்கூடிய வேலை அது.